எல்லா மென்பொருளுக்கும் ஒரு சாய்வு உண்டு

கேள்வி: நான்கு வருடமாகப் போஸ்டர், லோகோ, அட்டை வடிவமைப்பு என்று அச்சுப் பக்கமே வேலை பார்த்து வருகிறேன். இப்போது வரும் வேலைகளில் பாதி வீடியோவாக இருக்கிறது. பிரீமியரா, டாவின்சி ரிசால்வா, ஆஃப்டர் எஃபெக்ட்ஸா, பிளெண்டரா, எதிலிருந்து தொடங்குவது? என் லேப்டாப் வேறு திணறுகிறது, புதிது வாங்க வேண்டுமா? ஏஐ வந்துவிட்ட பிறகு இதையெல்லாம் கற்றுக்கொள்வதில் பயன் இருக்கிறதா?

பதில்:

நேரடியான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடோபி சந்தாவை ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் பிரீமியரில் எடிட்டிங்கையும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் மோஷன் கிராஃபிக்ஸையும் தொடங்குங்கள். நீங்கள் நான்கு வருடமாகச் சேர்த்த ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் கோப்புகள் லேயர் கலையாமல் உள்ளே வரும், அது பெரிய வசதி. சந்தா வேண்டாம் என்றால் டாவின்சி ரிசால்வ். அதன் இலவசப் பதிப்பிலேயே எடிட்டிங், கலர், ஒலி, பல காட்சிகளை ஒன்றாக அடுக்கிச் சேர்க்கும் காம்பாசிட்டிங் நான்கும் இருக்கின்றன. 4கே யுஹெச்டி (3840 x 2160 புள்ளிகள்) அளவு வரை ஏற்றுமதி செய்யலாம். பிளெண்டரை முப்பரிமாண வேலை வரும்போது தொட்டால் போதும். இதில் எதை எடுத்தாலும் தவறு இல்லை. இனி நான் எழுதப்போவது, எதை எடுத்தாலும் உங்களுக்குத் தேவைப்படும் ஒரு விஷயத்தைப் பற்றி.

"கருவி முக்கியமில்லை, கற்பனைதான் முக்கியம்" என்று எங்கள் துறையில் அடிக்கடி சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கருவி ரொம்பவே முக்கியம். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு சாய்வு உண்டு. எந்த வேலையை அது சுலபமாக்கி வைத்திருக்கிறதோ அந்தப் பக்கம் நம் கை தானாகப் போகும், பள்ளத்தைப் பார்த்துத் தண்ணீர் ஓடுகிற மாதிரி. சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்தவர் வேண்டியபோது அதோடு போவார், வேண்டாதபோது கரை கட்டுவார். தெரியாமல் வேலை செய்தால், பத்துப் பேர் செய்த பத்து வேலையும் ஒருவரே செய்தது போல இருக்கும்.

ஓர் உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இரண்டு கீஃபிரேம், அதாவது இந்த நேரத்தில் பொருள் இங்கே இருக்க வேண்டும் என்ற குறிகள், வைத்தால் பொருள் ஒரே வேகத்தில் நகரும். பார்க்க விறைப்பாக இருக்கும். உடனே இரண்டையும் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்துவோம். அதன் பெயர் ஈஸி ஈஸ். பொருள் மெதுவாகக் கிளம்பி, நடுவில் வேகமெடுத்து, மெதுவாக வந்து நிற்கும். அந்த ஒரு விசைக்குள் ஓர் எண் ஒளிந்திருக்கிறது: 33.33 சதவீதம். இரண்டு கீஃபிரேமுக்கும் நடுவிலுள்ள நேரத்தில் அந்த மெதுவாகும் வளைவு எவ்வளவு நீள வேண்டும் என்பதன் அளவு அது. இரண்டு முனையிலும் அதே அளவு. எத்தனையோ பேர் அதே விசையை அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவதால்தான் விளம்பரங்களிலும் விளக்கப் படங்களிலும் எழுத்துகள் ஒரே மாதிரி வந்து ஒரே மாதிரி நிற்கின்றன.

சில வருடங்களுக்கு முன் மூச்சுப் பயிற்சி பற்றிய ஒரு சிறு படத்தில் வேலை செய்தேன். திரையின் நடுவில் ஒரு வட்டம். மூச்சை இழுக்கும்போது அது விரிய வேண்டும், விடும்போது சுருங்க வேண்டும். வினாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனிப் படங்கள் என்ற கணக்கு. 45 ஃபிரேமில் விரிவு, 45 ஃபிரேமில் சுருக்கம் என்று வைத்து எஃப்9 போட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதோடு சேர்ந்து மூச்சு விட்டுப் பார்த்தபோது நெஞ்சை யாரோ பிடித்தது போல இருந்தது. அப்புறம் ஒரு கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு என் மூச்சையே கவனித்தேன். இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் ஆகிறது. இழுப்பு சட்டென்று தொடங்குகிறது. விடுவது நீண்டு, தேய்ந்து முடிகிறது. முடிந்த பிறகு ஒரு சின்ன நிறுத்தம். சரி என்று 30 ஃபிரேம் விரிவு, 50 ஃபிரேம் சுருக்கம், 10 ஃபிரேம் சும்மா நிற்பது என்று மாற்றினேன். வேகத்தை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து, விரிவின் தொடக்கத்தில் அந்தக் கோட்டை வளைக்கும் கைப்பிடியைக் குறுக்கினேன். சுருக்கத்தின் கடைசிக் கைப்பிடியை 80 சதவீதம் வரை இழுத்தேன். மொத்தம் அதே 90 ஃபிரேம்தான். வேலை கொடுத்தவருக்குப் போட்டுக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது சுற்றில் தன்னை அறியாமலே வட்டத்தோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

இந்த 80 என்ற எண்ணை நான் எந்த டுடோரியலிலிருந்தும் எடுக்கவில்லை. மூச்சிலிருந்து எடுத்தேன். இன்னொரு படத்தில், கீழே விழும் இரும்புக் குண்டுக்கு அதே 80 அபத்தமாக இருக்கும். 'மெதுவாகக் கிளம்பு, மெதுவாக நில்' என்ற விதியே கணினிக்கு முந்தியது. டிஸ்னி ஸ்டுடியோவில் கையால் வரைந்து வரைந்து கண்டுபிடித்தவற்றை அங்கே பல்லாண்டு வேலை பார்த்த ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் 12 விதிகளாகத் தொகுத்தார்கள். பிக்ஸாரில் இருந்த ஜான் லாசெட்டர் 1987-இல் அவற்றைக் கணினி அனிமேஷனில் எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு கட்டுரை எழுதினார். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வந்ததே 1993-இல்தான். அந்த 12 விதிகளை மென்பொருள் எதையும் திறக்காமல் ஒரு மாதம் படித்துவிட்டு வந்தால், நீங்கள் எடுத்துக்கொள்ளும் எந்த மென்பொருளிலும் மற்றவர்களைவிட வேகமாக முன்னேறுவீர்கள். அச்சில் நான்கு வருடம் இருந்தவருக்கு இது இன்னும் சுலபம். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடலாம் என்று கண்ணால் பிடித்துப் பழகியவர் நீங்கள். அதே கண்ணை இப்போது ஃபிரேமுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

எடிட்டிங் மென்பொருளிலும் இதே கதை. பலவற்றில் டிசால்வின், அதாவது ஒரு காட்சி கரைந்து அடுத்தது தோன்றுவதன், இயல்பு நீளம் ஒரு வினாடி. ஒரு புகைப்படத்தை, காட்சிகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் போட்டால் 5 வினாடி நீளத்துக்கு விழும். 30 புகைப்படத்தை மொத்தமாக இழுத்துப் போட்டால் 150 வினாடி படம் தயார், ஒவ்வொன்றுக்கும் அதே 5 வினாடி. ஒரே ஒரு முகம் இருக்கிற படத்தைக் கண் 2 வினாடியில் வாங்கிவிடும். கடைத்தெருக் கூட்டம் இருக்கிற படத்துக்கு 6 வினாடிகூடப் போதாது. தலைப்பு எழுத்தானால், வாய்விட்டு இரண்டு தடவை படித்து முடிக்கிற நேரம் திரையில் நிற்க வேண்டும். இதை எண்ணாகப் போட்டு முடிக்காமல் ஒவ்வொரு முறையும் படித்துப் பாருங்கள். வடிவமைத்தவருக்கு அந்த வாக்கியம் மனப்பாடம் என்பதால் எப்போதும் சீக்கிரம் எடுத்துவிடுவார்.

இன்னொரு சாய்வு கண்ணுக்கே தெரியாது. 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். வினாடிக்கு 24 என்றால் நிமிடத்துக்கு 90 அடி. 1000 அடிச் சுருள் ஒன்று 11 நிமிடம் ஓடும். அந்தக் காலத்து எடிட்டர் சுருளின் கடைசியில் இருக்கும் ஒரு ஷாட்டைத் தேடினால், சுருள் முழுவதையும் ஓட்டித்தான் அங்கே போக முடியும். வழியில், வேண்டாம் என்று ஒதுக்கிய ஷாட்கள் எல்லாம் மறுபடி கண்ணில் படும். 1989-இல் ஆவிட் என்ற கணினி எடிட்டிங் அமைப்பு வந்தது. கணினியில் எடிட் செய்யும்போது கேட்ட ஷாட்டுக்கு நேராகத் தாவலாம். எவ்வளவோ நேரம் மிச்சம், அதில் சந்தேகமில்லை. ஆனால் தேடியது மட்டும்தான் கிடைக்கும். தேட வேண்டும் என்று தோன்றாத ஒன்று இனி கண்ணில் படாது. இரண்டு முறைகளிலும் படம் எடிட் செய்த வால்டர் மர்ச் இந்த இழப்பைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார். அதனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை தொடங்கும்போது ஒரு தடவை, முதல் கட் (எடிட்டின் முதல் வரைவு) முடிந்தபின் இன்னொரு தடவை, ஃபுட்டேஜ், அதாவது கேமராவில் எடுத்த காட்சிகள், முழுவதையும் விசைப்பலகையைத் தொடாமல் ஓடவிட்டுப் பார்ப்பேன். ஒரு பேட்டிப் படத்தில், பேசியவர் பதிலை முடித்துவிட்டு, கேமரா நின்றுவிட்டது என்று நினைத்து, மேசையில் இருந்த தன் கண்ணாடியை எடுத்து மெதுவாகத் துடைத்தார். 7 வினாடி. அதுதான் அந்தப் படத்தின் கடைசி ஷாட் ஆனது. முதல் தடவை பார்த்தபோது நான் அதைக் குறித்துக்கூட வைக்கவில்லை.

கலர் விஷயத்தில் உங்களுக்குப் பாதி தெரியும். அச்சு மையின் சிஎம்ஒய்கே வண்ணமுறை பழகிய கண் திரை வண்ணத்தை நம்பாது, அது நல்ல குணம். வீடியோவில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய தரம் ரெக் 709, ஹெச்டி வீடியோவுக்கான வண்ண வரையறை. சாதாரண 8 பிட் வீடியோவில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 256 படிகள்தான் உண்டு. 10 பிட் என்றால் 1024. மாலை வானம் மாதிரி மெல்ல மாறும் வண்ணத்தில் 8 பிட் படம் பட்டை பட்டையாகப் பிரிவது இதனால்தான். கிரேடிங்கில், அதாவது வண்ணத்தைத் திருத்தும்போது, கொஞ்சம் இழுத்தாலும் படிகள் விலகி வெளியே தெரியும். மெல்லிய கிரெய்ன் (பொடிப் புள்ளிகள்) சேர்த்தால் பட்டைகள் மறையும். முடிந்தால் கேமராவிலேயே 10 பிட்டில் எடுங்கள்.

இதில் ஒரு முறை நான் நன்றாகவே பட்டுவிட்டேன். ஓர் ஆவணப் படத்தின் கிரேடிங்கை இரவில் உட்கார்ந்து முடித்து அனுப்பினேன். மறுநாள் எல்லோரும் கேட்டது: ஏன் முகமெல்லாம் நீலமாக இருக்கிறது? இரவானால் திரையைத் தானாக மஞ்சளாக்கும் வசதி என் கணினியில் போட்டிருந்தது. அந்த மஞ்சளைப் பார்த்துப் பார்த்து, அதை ஈடுகட்ட நான் நீலத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். 40 நிமிடப் படத்தையும் மறுபடி செய்தேன். அன்றிலிருந்து கிரேடிங் தொடங்கும் முன் மூன்று வேலை: அந்த வசதியை அணைப்பது, திரையின் தானியங்கி ஒளி மாற்றத்தை அணைப்பது, ஒளியையும் வண்ணத்தையும் அளந்து காட்டும் வேவ்ஃபார்ம், வெக்டர்ஸ்கோப் என்ற ஸ்கோப்புகளைத் திறந்து வைப்பது. கண் பத்தே நிமிடத்தில் எந்த வண்ணத்துக்கும் பழகிவிடும். ஸ்கோப் பழகாது.

ஒலி பற்றிச் சுருக்கமாக: மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தால், பின்னால் செய்ய வேண்டிய சுத்திகரிப்பில் முக்கால்வாசி மிச்சம். பேச்சு எடுத்த அறையிலேயே யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்து வையுங்கள், கட்களுக்கு நடுவே விழும் ஓட்டைகளை அதை வைத்துத்தான் அடைக்க முடியும். ஒலியின் அளவை லஃப்ஸ் என்ற அலகில் பாருங்கள். ஐரோப்பிய ஒளிபரப்புத் தரம் −23, யூடியூப் சத்தமான வீடியோக்களைச் சுமார் −14 அளவுக்குக் குறைக்கும். அச்சிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் ஒலிதான். நானும் முதல் இரண்டு வருடம் அதைக் கடைசி நாள் வேலையாகத்தான் வைத்திருந்தேன்.

இப்போது உங்கள் லேப்டாப். புதிது வாங்குவதற்கு முன் அது ஏன் திணறுகிறது என்று பாருங்கள். செல்பேசியிலும் பெரும்பாலான சிறு கேமராக்களிலும் வீடியோ ஹெச்.264 அல்லது ஹெச்.265 வடிவில் பதிவாகும். முதலாவது 2003-இல் வந்தது, இரண்டாவது 2013-இல். கோப்பைச் சின்னதாக வைக்க அவை ஒரு தந்திரம் செய்கின்றன. எப்போதோ ஒரு ஃபிரேமை மட்டும் முழுதாக எழுதிவிட்டு, அடுத்து வருபவற்றில் முன்னும் பின்னும் இருக்கும் ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். நேராக ஓடவிட்டுப் பார்க்கிறவருக்கு இது அருமையான ஏற்பாடு. எடிட்டருக்குத் தலைவலி. நடுவில் ஒரு ஃபிரேமில் நின்றால் கணினி பின்னால் ஓடிப்போய் முழு ஃபிரேமைப் பிடித்து, அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும். பின்னோக்கி நகர்த்தினால் கேட்கவே வேண்டாம்.

மாறாக புரோரெஸ், டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் போன்ற எடிட்டிங் கோடெக்குகளில் (வீடியோவைச் சுருக்கிப் பதியும் முறைகளில்) ஒவ்வொரு ஃபிரேமும் தனியாக, முழுதாக இருக்கும். கணினிக்கு வேலை குறைவு, வட்டுக்குச் சுமை அதிகம்: 4கே யுஹெச்டியில், வினாடிக்கு 25 ஃபிரேமில், புரோரெஸ் 422 ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 220 ஜிபி ஆகும். இரண்டுக்கும் நடுவழி பிராக்ஸி. மூலக் கோப்புகளுக்குச் சின்ன அளவில் புரோரெஸ் நகல்களை மென்பொருளே உருவாக்கும். நகலை வைத்து எடிட் செய்து, ஏற்றுமதியின்போது மூலத்துக்கு மாறிக்கொள்ளலாம். பிரீமியர், ரிசால்வ் இரண்டிலும் இந்த வசதி உண்டு. இரவில் பிராக்ஸி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் உங்கள் பழைய லேப்டாப்பே வழுக்கிக்கொண்டு ஓடும். கையில் பணம் இருந்தால் முதலில் ஒரு வேகமான எஸ்எஸ்டி, அடுத்து ரேம், கணினி அப்புறம்.

செல்பேசி வீடியோவில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒளிக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும். நீண்ட பேட்டியில் உதடும் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக விலகுவதாகத் தோன்றினால் இதுதான் காரணமாக இருக்கும். ஹேண்ட்பிரேக், எஃப்எஃப்எம்பெக் போன்ற வீடியோ மாற்றி மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு டைம்லைனில் போடுங்கள்.

தமிழில் டைட்டில் செய்யப்போகிறீர்கள் என்றால் இந்தப் பத்தியை நிதானமாகப் படியுங்கள். 'கொடி' என்ற சொல்லில் 'கொ' கணினிக்குள் க முதலில், உயிர்க்குறி அடுத்து என்ற வரிசையில்தான் இருக்கும். திரையில் கொம்பு முன்னால் வந்து, கால் பின்னால் போக வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது ஷேப்பிங் எஞ்சின் என்ற பகுதி. அது சரியாக இயங்காத மென்பொருளில் கொம்பு ககரத்துக்கு வலப்பக்கம் போய் நிற்கும். அடோபி மென்பொருள்களில் அமைப்புகளுக்குள் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து எஞ்சினைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதன் பிறகும் ஆபத்து நீங்கவில்லை. எழுத்து எழுத்தாகத் தோன்றும் அனிமேஷன் பிரீசெட் (தயாராக வரும் அமைப்பு) ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ரோமன் எழுத்துகளை மனதில் வைத்துச் செய்தது அது. ஓர் எழுத்து என்றால் ஒரு குறியீடு என்று நம்பும். 'கொ' அதன் கணக்கில் இரண்டு. ககரம் ஒரு நேரமும் கொம்பும் காலும் இன்னொரு நேரமும் வந்து சேரும், நடுவில் புள்ளி வட்டம் ஒன்று பல்லைக் காட்டும். மென்பொருளின் சாய்வு இவ்வளவு பச்சையாகத் தெரிகிற இடம் வேறு இல்லை. அது யாருடைய மொழியை மனதில் வைத்துக் கட்டப்பட்டது என்பதுவரை தெரிந்துவிடுகிறது.

நான் செய்வது: சொல் சொல்லாக நகர்த்துவது போதும் என்றால் அதோடு நிறுத்திக்கொள்வேன். எழுத்தெழுத்தாகவே வேண்டும் என்றால் இல்லஸ்ட்ரேட்டரில் சொல்லை உருவக்கோடுகளாக மாற்றி, 'கொ' முழுவதையும் ஒரே குழுவாகக் கட்டி, அந்தக் குழுக்களை அனிமேட் செய்வேன். பழைய பாமினி வகை எழுத்துருக்களை வைத்து ஒப்பேற்றுகிறவர்களும் உண்டு. அதில் ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் உருவங்கள் இருப்பதால் எஞ்சின் குழம்பாது. ஆனால் அந்த உரையைத் தேடவும் முடியாது, வேறு எழுத்துருவுக்கு மாற்றவும் முடியாது. நான் அதை விட்டு வெகு நாளாகிறது. அப்புறம் வரி இடைவெளி: 'கீ' மேலே போகும், 'து' கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியில் இரண்டு வரி தமிழ் போட்டால் மேல்வரியில் கீழே இறங்கும் கோடு கீழ்வரியில் மேலே ஏறும் சுழியில் இடிக்கும். சப்டைட்டிலில் நம் சொற்கள் விகுதிகளைச் சேர்த்துக்கொண்டு நீளமாக வளரும், ஆகவே வாக்கியத்தையே குறுக்கி எழுத வேண்டியிருக்கும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி விகிதம் 4.5-க்கு 1 இருக்கட்டும். இணையத்துக்கான அணுகல் விதிகளில் சாதாரண அளவு எழுத்துக்குச் சொல்லியிருக்கும் அந்தக் கணக்கு வீடியோவுக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

ஏஐ பற்றிக் கேட்டீர்கள். பயமும் வேண்டாம், பரவசமும் வேண்டாம் என்று நடுநிலையாகச் சொல்லி நழுவ நான் விரும்பவில்லை. அதன் ஒரு பகுதியை மனதார வரவேற்கிறேன். ரோட்டோஸ்கோப்பிங் என்று ஒரு வேலை உண்டு, நகரும் உருவத்தின் விளிம்பை ஃபிரேம் ஃபிரேமாக வெட்டி எடுப்பது. மேக்ஸ் ஃபிளைஷர் 1917-இல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வந்த பெயர். வினாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 10 வினாடி ஷாட் என்றால் 240 ஃபிரேம். தலைமுடி பறக்கிற ஷாட்டில் இரண்டு முழு நாள் உட்கார்ந்திருக்கிறேன். இன்று ஆரம்ப வெட்டை மென்பொருள் சில நிமிடங்களில் தருகிறது, நான் விளிம்பைத் திருத்தினால் போதும். 2022-இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் மாதிரியான கருவிகள் பேட்டியை எழுத்தாக்கித் தருவதால், இரண்டு மணி நேரப் பேச்சில் ஒரு வாக்கியத்தை நொடியில் பிடிக்கிறேன். மின்விசிறிச் சத்தத்தை நீக்குவது, சின்ன அளவில் எடுத்ததைப் பெரிதாக்குவது எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். கை வலி குறைகிறது, முடிவெடுப்பது என்னிடமே இருக்கிறது.

படத்தையே உருவாக்கித் தரும் கருவிகளில்தான் சாய்வு மிகச் செங்குத்து. அவை கோடிக்கணக்கான படங்களையும் அவற்றின் விளக்கங்களையும் பார்த்துப் பழகியவை. நீங்கள் சொல்லாமல் விட்டதை எல்லாம், அவை அதிகம் பார்த்ததைக் கொண்டு நிரப்பும். 'வகுப்பறையில் ஓர் ஆசிரியர்' என்று மட்டும் கேட்டால் மென்மையான ஜன்னல் ஒளி, மங்கலான பின்னணி, நடுவில் ஒரு சிரித்த முகம். குறை சொல்ல முடியாத படம், யாருக்கும் நினைவிலும் நிற்காத படம். அதை அங்கிருந்து நகர்த்த, ஒளி எந்தப் பக்கம், லென்ஸ் எவ்வளவு அகலம், கேமரா யாருடைய கண் உயரத்தில், அவர் கையில் என்ன, எந்த நொடி என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். அதைச் சொல்லத் தெரிவதற்குத்தான் ஒளியையும் லென்ஸையும் எடிட்டிங்கையும் கற்கச் சொல்கிறேன். உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில் இதுதான்: பயன் இருக்கிறது, முன்பைவிடக் கூடுதலாக.

நடைமுறையிலும் ஒரு சிக்கல் உண்டு. "அந்தக் குவளையைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்துங்கள்" என்று கிளையன்ட் சொல்வார். லேயராகக் கட்டிய காட்சியில் அது அரை நிமிட வேலை. ஏஐ உருவாக்கிய வீடியோவில் குவளையைத் தொட்டால் கை மாறும், மேசைத் துணியின் மடிப்பு மாறும். ஒரு பகுதியை மட்டும் மாற்றும் வசதிகள் வந்திருக்கின்றன. ஆனாலும் முன் ஷாட்டோடு பொருந்துகிறதா என்று ஃபிரேம் ஃபிரேமாக நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும். படம் உருவாக்கும் கருவிகளை நான், காட்சிகளை முன்கூட்டி வரைந்து பார்க்கும் ஸ்டோரிபோர்டு வரைவோடு நிறுத்திக்கொள்கிறேன். உரிமைப் பிரச்சினையையும் முதலிலேயே பேசிவிடுங்கள். மனிதரின் படைப்பு இல்லாத பகுதிக்குப் பதிப்புரிமைப் பதிவு கிடையாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023-இல் சொன்னது. ஒருவருடைய குரலையோ முகத்தையோ செயற்கையாக உருவாக்குவதானால் அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் தொடவே தொடாதீர்கள். இதில் எனக்குச் சமரசம் இல்லை.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. மென்பொருள்கள் சாகும். காம்பாசிட்டிங் வேலைக்குப் பெரிய ஸ்டுடியோக்கள் பயன்படுத்திய ஷேக் என்ற மென்பொருளின் விற்பனையை ஆப்பிள் 2009-இல் நிறுத்தியது. 2011-இல் வந்த ஃபைனல் கட் புரோ எக்ஸ், வெளியானபோது பழைய ஃபைனல் கட் புராஜெக்டுகளைத் திறக்கவில்லை. ஃபிளாஷ் பிளேயருக்கான அடோபியின் ஆதரவு 2020 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. என்னிடமும் இன்று திறக்க முடியாத புராஜெக்ட் கோப்புகள் ஒரு வட்டு நிறைய இருக்கின்றன. அவற்றில் இரண்டு வேலைகளை யாராவது மறுபடி கேட்டால் என்னால் கொடுக்க முடியாது. அதனால் இப்போது வேலை முடிந்ததும் புராஜெக்ட் கோப்போடு நிறுத்துவதில்லை. உயர்தர மாஸ்டர் ஒன்று, திரையில் எழுத்தே இல்லாத பிரதி ஒன்று, பேச்சும் இசையும் மற்ற சத்தங்களும் தனித்தனி ஒலிக்கோப்புகளாக, எழுத்துருக்கள், டைட்டில் வாசகங்கள் யூனிகோடில் சாதாரண உரைக்கோப்பாக. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகத்தில், ஒன்று வேறு இடத்தில்.

சரி, தொடங்குவதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். ஒருவர் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடிப்பதை மூன்று கோணத்தில் செல்பேசியில் எடுங்கள். இசை, டிசால்வ், எஃபெக்ட் எதுவும் இல்லாமல் வெறும் கட் மட்டும் வைத்து 20 வினாடியாக எடிட் செய்யுங்கள். தண்ணீர் ஊற்றும் சத்தத்தை, அந்த ஷாட் வருவதற்கு 10 ஃபிரேம் முன்னாலேயே தொடங்கவிடுங்கள். பிறகு குவளை உதட்டைத் தொடும் கட்டை எடுத்து, இரண்டு ஃபிரேம் முன்னால் தள்ளி ஒரு பிரதி, இரண்டு ஃபிரேம் பின்னால் தள்ளி ஒரு பிரதி என்று மொத்தம் மூன்று வைத்துக்கொள்ளுங்கள். எது எது என்று தெரியாதபடி பெயர் மாற்றி இன்னொருவரிடம் கொடுத்து, மறுநாள் காலையில் வரிசை கலைத்து ஓடவிடச் சொல்லுங்கள். தேர்ந்தெடுத்ததை அன்றைய தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, ஏன் என்று இரண்டு வரி சேருங்கள். அந்த வேலைக்கு உங்கள் லேப்டாப் தாராளமாகப் போதும்.